கட்டைப் பெண்ணின் வலது கால்

கையை எடுத்தாச்சா, எடுத்தாச்சு, வளையல் வானத்தில் இடிக்கவில்லையே, இல்லை, நிழல் விழுகிறதா, அதுவும் இல்லை, அப்படியானால் அமுக்கு. உலகநாயகி மடியில் கிடந்த இயர்போன் வயரின் பொத்தானை அமுக்கினாள். சாப்பாட்டு மேஜையின் அந்தக் கோடியில், அரிசி நிரப்பிய பெரிய டம்ளருக்குள் செருகி நிறுத்தியிருந்த போன் கிளிக் என்றது. ஒரு படம் ஆயிற்று. இனி மறுபடியும் கையை வானத்துக்கு மேலே தூக்கி உள்ளே இறக்க வேண்டும். வானம் என்பது இரண்டு ஊறுகாய்ப் பாட்டில்களை முட்டுக்கொடுத்து நிறுத்திய நீலச் சார்ட் அட்டை. வானத்துக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உலகு, அந்தப் பக்கம் பச்சைத் தட்டில் ஒரு தெரு, தெரு முடிகிற இடத்தில் ஒரு வீட்டு வாசல், வாசலை நோக்கி விரல் உயரத்துக்கு ஒரு கல்யாணப் பெண், எல்லாமே ஒன்றோடொன்று பொருந்துகிற பிளாஸ்டிக் கட்டை. வாசலுக்கு உள்ளே இருந்து போன் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெண்ணைக் கொஞ்சம் நகர்த்து, கையை எடு, அமுக்கு. இப்படி எடுத்த படங்களை வரிசையாக ஓட்டினால் அவள் தன்னால் நடந்து வருவாள். சொன்னால் இவ்வளவுதான், செய்தால் முதுகு விட்டுப்போகிறது. மின்விசிறி போடக்கூடாது, போட்டால் பெண்ணின் முந்தானை படத்துக்கு ஒரு பக்கமாகப் பறக்கும். அது உலகுவின் பழைய பட்டு ரவிக்கையில் கத்தரித்த துண்டு. ஜன்னலைத் திறக்கக்கூடாது, ஒரு மேகம் போனால் வெளிச்சம் மாறி வீடே கண்ணடிக்கும். போர்வையை ஜன்னலில் மாட்டிவிட்டு ஒற்றை மேஜை விளக்கோடு, சித்திரை மாதத்துப் பாளையங்கோட்டையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே காலை நீட்டிப் படுத்திருக்கிற நேரத்தில், இவள் மட்டும் வேர்வையில் குளித்துக்கொண்டு ஒரு கட்டைக்குக் கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள். உள்ளறையில் அவள் கணவர் கோமதிநாயகத்தின் குறட்டை ஏறுகிறது, இறங்குகிறது. அது ஓடும்வரை நிம்மதி. நின்றால் எழுந்து வருவார், வந்தால் முதல் காரியமாக மின்விசிறியைப் போடுவார். நாளைக்குச் சாயங்காலம் அக்கா மகள் சங்கரிக்கு வரவேற்பு. மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை. அதில் இந்தப் படம் ஓட வேண்டும் என்றால் இன்றைக்கு அஞ்சு மணிக்குள் அக்காவுக்கு அனுப்பியாக வேண்டும், திரைக்காரர் காத்திருக்க மாட்டார். அனுப்பிவிடலாம். வாசல் வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு அடிதான்.

கை இறங்குகிறது. கை நடுங்குகிறது. நடுங்கட்டும், அதற்கென்ன இப்போது. பெண்ணின் தலைக்கு மேலே விரல்கள் ஆடி ஆடி இடம் தேடுகின்றன, கொண்டையில் இடிக்கின்றன, நழுவுகின்றன, பிடித்துவிட்டன. பிடித்துத் தூக்கி, தட்டில் முன்னால் துருத்தி நிற்கிற குமிழுக்கு மேல் கொண்டுபோய், அமுக்க வேண்டியதுதான், கட்டைக்கே உரிய அந்தச் சின்னச் சத்தம் கேட்கும், கேட்டுவிட்டால் போதும், அப்புறம் கை எப்படி ஆடினாலும் பெண் ஆட மாட்டாள். நேராக நிற்பாள். இந்தச் சத்தத்துக்காகவே உலகு இதைச் செய்துகொண்டிருக்கிறாள் என்றுகூடச் சொல்லலாம். களிமண்ணில் செய்கிறார்கள், காகிதத்தில் செய்கிறார்கள், அதெல்லாம் இவள் கைக்கு ஆகாது. கட்டை பிடித்துக்கொள்ளும். ஒரு காலத்தில் இந்தக் கைக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் தேவைப்பட்டதில்லை. ரத்தம் எடுக்கிற உலகு அக்கா என்றால் அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். பிறந்து நாலு நாள் ஆன குழந்தையா, நரம்பே கிடைக்காத கிழவரா, ஊசியைப் பார்த்தாலே மயங்குகிற போலீஸ்காரரா, எல்லாரையும் இவளிடம்தான் அனுப்புவார்கள். ஒரே குத்து. குத்தினீங்களா சிஸ்டர் என்று கேட்டவர்கள் உண்டு. அந்தத் திமிர் இருந்தது, இல்லாமல் என்ன, நன்றாகவே இருந்தது. பிறகு ஒரு நாள் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஊசியை எடுத்தபோது ஊசிமுனை தானாக ஆடுகிறது. காலையில் சாப்பிடவில்லை, அதனால்தான் என்று நினைத்தாள். மறுநாள் சாப்பிட்டுவிட்டுப் போனாள், அப்போதும் ஆடியது. டாக்டர் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், பெரிய வியாதி ஒன்றும் இல்லை அம்மா, நடுக்கம்தான் என்றார். நடுக்கம்தான்! அவருக்கென்ன. ஊசி அறையிலிருந்து ரிப்போர்ட் கொடுக்கிற கவுன்ட்டருக்கு மாற்றினார்கள். அங்கே உட்கார்ந்து மற்றவர்கள் எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் கவர்களைப் பேர் கூப்பிட்டுக் கொடுக்கிறாள், கவர் படபடவென்று அடிக்கிறது, வாங்குகிறவர்கள் தங்கள் ரிப்போர்ட்டில் ஏதோ பயங்கரம் இருக்கிறது என்று பயந்துபோகிறார்கள்.

அதெல்லாம்கூடப் பழகிவிட்டது, பழகாதது குங்குமம். சங்கரியின் நிச்சயதார்த்தத்தில் சித்தி என்கிற முறைக்குக் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு போய்ச் சம்பந்தியம்மாவிடம் நீட்டினாள். தூத்துக்குடிக்காரம்மா, வாட்டசாட்டம், வைரத் தோடு, சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். விரலை நீட்டிக்கொண்டு அந்தம்மா குனிந்தாள், சிமிழ் ஆடியது, உலகு இன்னும் இறுக்கிப் பிடித்தாள், இறுக்கினால் இன்னும் ஆடும் என்று அந்த அவசரத்தில் யாருக்கு ஞாபகம் வரும், சிமிழ் கவிழ்ந்து குங்குமம் அத்தனையும் அந்தம்மாவின் மாம்பழ மஞ்சள் பட்டில். நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார் என்று உலகுவுக்குத் தோன்றியது. சபை முழுக்க மௌனம். அபசகுனம் என்று ஒருவரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை. சம்பந்தியம்மா புடவையைப் பார்த்தாள், உலகுவின் கையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் வேறு கட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கிருந்து கல்யாண வேலை எதுவும் இவள் பக்கம் வருவதில்லை. பூக் கட்டுகிறவர்களோடு உட்கார்ந்தால் நாரை யாராவது வாங்கிக்கொள்கிறார்கள். மருதாணிக் கூம்பை எடுத்தால் சித்தி நீங்க டயர்டா இருக்கீங்க என்கிறார்கள். வடிவு அக்கா, கூடப்பிறந்தவள், வாய் நிறையப் பாசத்தோடுதான் சொன்னாள், "ஏளா உலகு, நீ ஒண்ணுஞ் செய்ய வேண்டாம். நல்ல பட்டா உடுத்திட்டு வந்து முன் வரிசையில உக்காரு, அதுவே எனக்குப் போதும்." அதுவே போதும். உட்கார வைப்பதற்குக் கடையில் பொம்மை விற்கிறது. அன்றைக்கு ராத்திரி அழுதாள், மறுநாளும் அழுதாள், மூன்றாம் நாள் அழ அலுப்பாக இருந்தது, போனில் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனபோது ஓர் ஆரஞ்சுப் பழம் தன்னைத்தானே உரித்துக்கொண்டு வரிசையாக உட்காருகிற படம் வந்தது. யார் உரிக்கிறார்கள்? ஒரு கை இருக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு தடவையும் வந்து, வேலையைச் செய்துவிட்டு, கேமரா பார்ப்பதற்குள் போய்விடுகிற கை. உலகு எழுந்து உட்கார்ந்தாள். கை போன பிறகுதான் படமா? அப்படியானால் அது வந்தபோது எப்படி வந்தது, ஆடி வந்ததா, நேராக வந்ததா என்று யாருக்குத் தெரியும்? யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியும் என்று வீட்டுக்குள் நடந்தாள். பரணில் மகன் கைலாஷின் கட்டைப் பெட்டி இருந்தது, அவன் வேலைக்குப் புனே போயாயிற்று, கட்டைகள் அப்படியே இருந்தன. முதல் படத்தில் பொம்மையைவிட இவள் வளையல்தான் அதிகம் நடித்தது. இரண்டாவதில் பொத்தானை நேராகப் போனில் அமுக்கி, போனே ஆடி, தெருவில் நிலநடுக்கம். அதற்குப் பிறகுதான் அரிசி டம்ளரும் இயர்போன் வயரும். மூன்றாவதில் சுவரில் இருந்த பல்லி நடுவில் வந்து போனது, அதுதான் அந்தப் படத்திலேயே நல்ல இடம். இப்போது ஓடுவது எத்தனையாவதோ, எண்ணுவதை விட்டுவிட்டாள்.

வாசல். பெண் வாசல்படிக்கு முன்னால் நிற்கிறாள். பக்கத்தில் மாப்பிள்ளை, அவனுக்கு வேட்டி கிடையாது, வெள்ளைக் கால் கிடைத்ததே பெரிய பாடு. படிக்கு உள்ளே ஓரமாக ஆலாத்தித் தட்டோடு மாமியார். மாமியாருக்கு மஞ்சள் உடம்பு கிடைத்தது, மாம்பழ மஞ்சள், தெரிந்தேதான் போட்டாள், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். இனி வலது காலை எடுத்து வைத்து உள்ளே வர வேண்டும். எல்லா வீட்டுப் பெண்ணுக்கும் வாசலில் சொல்கிற வார்த்தை அதுதான், வலது காலை எடுத்து வச்சு வாம்மா, அத்தனை பேரும் அந்தப் பாதத்தைத்தான் பார்ப்பார்கள். இந்தப் பொம்மைக்குக் கால்கள் தனித்தனியாக மடங்கும், அதற்கும் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஒரு காலைக் குமிழில் பூட்டு, மற்றதை விரல்நகத்தால் தூக்கு, கொஞ்சம், கிளிக், இன்னும் கொஞ்சம், கிளிக், இன்னும். முகத்துக்கு நேரே தூக்கின மாதிரி ஆகிவிடக் கூடாது, அணிவகுப்பா நடக்கிறது, கல்யாணம். கிளிக். கால் வாசல்படிக்கு மேலே வந்து நிற்கிறது. எழுந்து சுற்றிப் போய்ப் பார்த்துவிடலாம், இந்தப் பக்கம் உட்கார்ந்தால் போனின் முதுகுதான் தெரிகிறது, திரை தெரியவில்லை. நேற்றுவரை போனுக்குப் பக்கத்தில், பெண்ணுக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். அங்கே விளக்கு இவள் நிழலைத் தூக்கித் தெருவில் போட்டதால் இன்றைக்கு ஸ்டூலை வானத்துக்குப் பின்னால் கொண்டுவந்தாள். எழுந்தாள், கால் மரத்துப்போயிருந்தது, மேஜையைச் சுற்றி நொண்டிக்கொண்டு வந்து, வேர்த்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, படத்தை ஓட்டினாள். பெண் வருகிறாள், அழகாக வருகிறாள், முந்தானைகூட அடக்கமாக இருக்கிறது, வாசலில் நிற்கிறாள், தூக்குகிறாள், இடது காலை. இடதா. இல்லை, எதிரே நின்று பார்க்கிறோம், எதிரே நின்றால் மாறித்தானே தெரியும். பெண் நம்மைப் பார்த்து வருகிறாள், அவள் வலது நமக்கு இடப்பக்கம், இப்போது தூக்கியிருப்பது நமக்கு வலப்பக்கம், ஆக அது அவளுடைய, அது அவளுடைய. இடது கால். சம்பந்தி வீட்டு வாசலில், ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, மேடை அளவு திரையில், இடது காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள் சங்கரி.

எப்படி வந்தது இது, யாருக்கு வந்தாலும் இவளுக்கு வரலாமா? இத்தனை வருஷமாக எதிரே இருக்கிறவர்களின் கையைப் பிடித்தவள். வலது கையை நீட்டுங்க என்று வாய் சொல்லும்போதே இவள் கை தன் இடப்பக்கம் போகும், யோசிக்காமல் போகும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போகும். ஆ! அதுதான். அதுவேதான். இன்றைக்குப் பெண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் இருந்தால் அவள் வலது இவள் வலதுதான், ஆனால் கைக்கு அது தெரியுமா? வலது கால் என்றதும் பழைய பழக்கத்தில் இடப்பக்கம் போய்த் தூக்கிவிட்டது. நடுக்கம் செய்யாத கெடுதலைத் திறமை செய்துவிட்டது. உலகுவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் மாம்பழப் பட்டு, அதில் குங்குமம், அந்தம்மாவின் ஒன்றும் சொல்லாத முகம். அன்றைக்குக் குங்குமத்தைக் கொட்டினாள், இன்றைக்கு இடது காலை வைத்துக் கொண்டுவருகிறாள், வடிவின் இந்தத் தங்கச்சிக்கு நம் குடும்பத்தின்மேல் அப்படி என்ன கோபம் என்று கேட்க மாட்டாளா? கேட்டால்கூடப் பரவாயில்லை, பார்ப்பாள், பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். சரி, சரி, பதறாதே, என்ன குடிமுழுகிப் போயிற்று, கடைசியாக எடுத்த அந்த நாலைந்து படத்தை அழித்துவிட்டு, காலை மாற்றித் தூக்கி எடுத்தால் தீர்ந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. கட்டைவிரலைத் திரையின் அடியில் ஓடுகிற படவரிசைமேல் வைத்தாள், கால் தூக்க ஆரம்பிக்கிற இடத்துக்குப் பின்னால் தள்ள வேண்டும். விரல் நடுங்கியது. பயத்தில் ஒரு பங்கு, வழக்கம் ஒரு பங்கு, நன்றாகவே நடுங்கியது. வரிசை முன்னும் பின்னும் ஆடியது. திரையில் பெண் காலைத் தூக்கினாள், இறக்கினாள், கொஞ்சம் தூக்கினாள், சட்டென்று இழுத்துக்கொண்டாள். உலகுவின் விரல் அப்படியே நின்றது, நடுங்கிக்கொண்டே நின்றது. என்ன செய்தாய் இப்போது, இன்னொரு தடவை செய். விரலை வைத்தாள், அது தன் பாட்டுக்கு ஆடியது, பெண் மறுபடி காலைத் தூக்கி, படிக்கு மேலே கொண்டுபோய், ஐயோ என்கிற மாதிரி பின்னால் எடுத்தாள். யோசிக்கிறாள். இது யோசிக்கிறது! இத்தனை நாளாக நடந்தது, திரும்பியது, கும்பிட்டது, எல்லாம் செய்தது, ஒரு தடவைகூட யோசித்ததில்லை. கட்டையாகத்தான் இருந்தது. இப்போது அந்த வாசலில் நிற்பது சங்கரிதான், பெண் பார்க்க வந்த அன்றைக்குக் காபித் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்று, போகவா சித்தி, போகவா என்று பத்துத் தடவை கேட்ட அதே சங்கரி.

அப்போதுதான் குறட்டை நின்றது. உலகு கவனிக்கவில்லை. கோமதிநாயகம் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து, நேராகச் சுவருக்குப் போய், "என்னளா இது, பேனைப் போடாம இப்படி அவிஞ்சு கெடக்கே" என்று சுவிட்சில் கை வைக்க, "ஐயோ போடாதீங்க!" என்று இவள் போட்ட சத்தத்தில் அந்தக் கை அந்தரத்தில் நின்றது. அப்படியே நில்லுங்க, அசையாதீங்க, மெதுவா இங்க வாங்க, மேஜையைத் தொடாதீங்க என்று வரவழைத்துப் போனில் விரலை வைத்து ஓட்டிக் காட்டினாள். பெண் வந்தாள், தூக்கினாள், இழுத்துக்கொண்டாள். கோமதிநாயகம் ஹஹ் என்று சிரித்தார். தூக்கக் கலக்கத்தில் தன்னை மீறி வந்த சிரிப்பு, பஸ்ஸில் எதிர் சீட்டுக் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அதற்குப் பிறகுதான் மூளை விழித்துக்கொண்டது, முகம் மாறியது. "ஏளா, இடது காலுல்லா அது." ஆமாம் என்றாள். "அழிச்சிரு. வேண்டாம்ளா, சொல்லுதேன் கேளு. ஏற்கெனவே அந்தக் குங்குமத்துக்கே உங்க அக்கா இன்னும் மூச்சு விடாம இருக்கா. சம்பந்தியம்மா பாத்தாகன்னா என்ன நெனைப்பாக?" நியாயமாகத்தான் சொல்கிறார், பயந்த மனுஷர், அலுவலகத்தில் கையெழுத்துப் போடும்போதுகூட இரண்டு தடவை பேனாவைக் காற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போடுகிறவர். "நீங்க சிரிச்சீங்கள்ளா?" என்று கேட்டாள். "எங்க?" "இப்பம். காலை இழுத்தப்போ சிரிச்சீங்க." "சிரிச்சேன்" என்று ஒப்புக்கொண்டார். "அதுக்காக? நான் சிரிப்பேன். ஊரு சிரிக்கணும்லா." போய்க் காபி போடுங்க என்று அனுப்பிவிட்டாள். அடுப்படியில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. அழித்துவிடு. அழித்தால் நல்ல படம், ஒரு குறை சொல்ல முடியாது, பரவாயில்லையே சித்தி, நடுங்குகிற கையோடு செய்திருக்கிறாளே பாவம் என்பார்கள். பாவம். அந்த வார்த்தை இல்லாமல் முடியாது. வைத்துக்கொண்டால், வைத்துக்கொண்டால் ஒன்று மண்டபமே சிரிக்கும், இல்லாவிட்டால் மறுபடியும் அந்த மௌனம். அதை இன்னொரு தடவை தாங்குவாளா? மாட்டாள். முன் வரிசையில் நல்ல பட்டில் உட்கார்ந்துகொண்டு தாங்கவே மாட்டாள். அழித்துவிடு. ஆனால் முதலில் சிரித்தார், பிறகுதான் பயந்தார். எந்த மனுஷனுக்கும் முதலில் வந்ததுதானே நிஜம்? இந்த உலகத்தில் எந்தப் பெண்ணாவது அந்த வாசலில் ஒரு நொடி யோசிக்காமல் இருந்திருப்பாளா? எனக்கு என்ன ஆயிற்று என் கல்யாணத்தில், எந்தக் கால் என்று ஞாபகமே இல்லை, கை குளிர்ந்து கிடந்ததுதான் ஞாபகம். அழிக்க மாட்டேன் என்று உலகு உரக்கவே சொன்னாள். "என்னது?" என்றார் அடுப்படியிலிருந்து. "சீனி கம்மியா போடுங்க" என்றாள்.

இனிக் கை சொன்னபடி கேட்டது என்று சொன்னால் பொய். கை ஆடியது, எப்போதையும்விட அதிகமாக ஆடியது, ஒருமுறை மாப்பிள்ளை தலைகுப்புற விழுந்தான், ஒருமுறை வானமே சரிந்து ஊறுகாய்ப் பாட்டில் எட்டிப்பார்த்தது. ஆனால் உலகுவுக்கு இப்போது அவசரம் இல்லை, பயம் இல்லை, உள்ளே என்னவோ குதித்துக்கொண்டிருந்தது. ஊசி அறையில் கடைசியாகக் குதித்தது, அப்புறம் குதித்ததே இல்லை. பெண்ணின் இடது காலைப் பின்னால் எடுத்து, படிக்கு வெளியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினாள், கிளிக். கால் தரையில் பூட்டிக்கொண்டது. இப்போது தலை. தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம், கிளிக், இன்னும் கொஞ்சம், கிளிக், யாராவது பார்த்தார்களா என்று பார்க்கிறாள். அந்தப் பக்கம், மாப்பிள்ளையைப் பார்க்கிறாள். மாப்பிள்ளையும் திரும்ப வேண்டாமா? அவனுக்கும் ஒரு தலை இருக்கிறதே, திருப்பு அதை வேறு பக்கம், நல்ல பிள்ளை, பார்த்தும் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்க்கிறான், கிளிக். மாமியார்? உலகுவின் கை மாம்பழ மஞ்சள் பொம்மைக்கு மேலே ஆடிக்கொண்டு நின்றது. இந்தம்மா என்ன செய்வாள், முறைப்பாளா? முறைக்க வேண்டாம். ஆலாத்தித் தட்டைக் கொஞ்சம் உயர்த்தட்டும், தன் முகத்தை மறைக்கிற அளவுக்கு. அவ்வளவுதான், நான் ஒன்றையும் பார்க்கவில்லை என்று. கிளிக். இப்போது வலது கால், எது வலது, ஸ்டூலைவிட்டு எழுந்தே நின்று, தன் வலது காலைத் தரையில் ஓங்கி ஒரு உதை உதைத்துப் பார்த்து, இதுதான் என்று உறுதி செய்துகொண்டு பெண்ணின் அந்தக் காலைத் தூக்கினாள். கொஞ்சம், இன்னும் கொஞ்சம், படிக்கு மேலே, படிக்கு அந்தப் பக்கம், கீழே. விரல்கள் வாசலுக்குள் போய் இடிபட்டு, தடவி, குமிழைத் தேடின. அமுக்கினாள். அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. பெண் உள்ளே வந்துவிட்டாள். உலகு கையை எடுத்தாள், வானத்துக்கு மேலே, தூரமாக, யாரும் பார்க்க முடியாத இடத்துக்கு எடுத்து, மடியில் இருந்த பொத்தானை அமுக்கினாள். வந்துட்டா, வந்துட்டா என்று முணுமுணுத்துக்கொண்டே மேஜையைச் சுற்றி வந்து, முழுப்படத்தையும் ஓட்டிப் பார்த்து, இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்து, மேலும் யோசித்தால் அழித்துவிடுவோம் என்று தெரிந்ததால் யோசிக்காமல் அக்காவுக்கு அனுப்பினாள்.

அனுப்பிய பிறகு வீடு அமைதியாக இருந்தது. கோமதிநாயகம் ஆறிப்போன காபியை மறுபடி சூடாக்கிப் பாதி டம்ளர் மட்டும் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார், முழு டம்ளரானால் சிந்தும், பல மாதமாக அப்படித்தான், இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. அனுப்பிட்டியா என்று கேட்டார். அனுப்பிட்டேன். அப்படியேவா? அப்படியேதான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தானும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அக்கா பார்த்துவிட்டாள் என்று நீல அடையாளம் வந்தது. வந்தது, அப்படியே இருந்தது, பதில் இல்லை. இந்நேரம் சம்பந்தியம்மாவும் அங்கேதான் இருப்பாள், பூமாலைக்குச் சொல்வதற்காக நாலு மணிக்கு வருவதாகக் காலையிலேயே அக்கா சொன்னாள், இரண்டு பேரும் ஒரே சோபாவில், ஒரே போனைப் பார்த்துக்கொண்டு. இன்னுமா பார்க்கிறார்கள், சின்னப் படம்தானே. திரும்பத் திரும்பப் பார்க்கிறார்களோ? எதற்கு, கண்ணால் பார்த்ததை நம்ப முடியாமலா? அழித்திருக்கலாம். நாலு படம். மனுஷன் படித்துப் படித்துச் சொன்னார். அரிசி டம்ளருக்குள் இருந்த போன் உறுமியதும் இரண்டு பேரும் துள்ளிவிட்டார்கள். வடிவு அக்கா. உலகு எடுத்தாள், காதில் வைக்கத் தைரியம் இல்லாமல் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். அந்தப் பக்கம் பேச்சே இல்லை, ஏதோ மூச்சுத் திணறுகிற சத்தம். அழுகிறாளா? "அக்கா?" என்றாள். "ஏளா, உலகு" என்றது குரல், மேற்கொண்டு முடியாமல் நின்றது. சிரிக்கிறாள். வடிவு அக்கா சிரிக்கிறாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. "ஏளா, அவ யோசிக்கா பாத்தியா! மாப்பிள்ளை வேற மேல பாக்காரு! எப்படிளா இதச் செஞ்சே? இரு, இரு, சம்பந்தியம்மா பேசணுங்காக." கோமதிநாயகம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். உலகுவின் இரண்டு கையும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டன, மேஜை சேர்ந்து ஆடியது. கனமான குரல், நிதானமாக வந்தது. "உலகு, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்ன தெரிந்தது, என்ன கேட்கிறாள்? "எதும்மா?" என்றாள் உலகு. "எங்க மாமியார் வீட்டு வாசல்ல நான் இடது காலைத்தான் தூக்கினேன். தூக்கி, படிக்கு மேல கொண்டுபோயி, கடவுளேன்னு இழுத்துக்கிட்டேன். முப்பது வருசமாச்சு, என் வீட்டுக்காரர்ட்டகூடச் சொன்னதில்ல. ஒருத்தரும் பாக்கலைன்னுதான் இத்தன நாளா நெனைச்சுட்டிருக்கேன்." அந்தப் பக்கம் வடிவு அக்கா மறுபடியும் தொடங்கிவிட்டாள், இந்த முறை கூடவே இன்னொரு சிரிப்பு, பெரிய, குலுங்குகிற, தூத்துக்குடிச் சிரிப்பு. "அப்புறம், அந்த மஞ்சக்கட்டை நான்தான? குங்குமத்த விட்டுட்டீங்க, அதையும் கொட்டியிருக்கலாம்லா." உலகுவுக்கு முதலில் புரையேறியது, பிறகு உடைந்தது, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், கோமதிநாயகம் மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தார், மாப்பிள்ளை விழுந்தான், வானம் விழுந்தது. சிரித்துக்கொண்டே காபியை எடுத்தாள், டம்ளர் ஆடியது, காபி தெருவெல்லாம் சிந்தியது, பெண் மட்டும் வாசலுக்குள் வலது காலில் அசையாமல் நின்றாள். உலகு தன் கையைப் பார்த்தாள். அது ஆடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நடுக்கத்தால் ஆடுகிறது, எவ்வளவு சிரிப்பால் ஆடுகிறது என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. "ஏங்க," என்றாள், டம்ளரை அவரிடம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. முழுசா ஊத்துங்க."